அணுக்கள் எதைப் பகிர்ந்துகொள்கின்றன? சகப்பிணைப்பின் ஆற்றல் கணக்கு

தண்ணீரைப் பிளந்து, அதையே எரிபொருளாக்கி வண்டி ஓட்டலாம் என்ற அறிவிப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தியாகிறது. நாளைய எரிபொருள் ஹைட்ரஜன்தான் என்கிறது இன்னொரு செய்தி. மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும் ஃபுளூரின் சேர்மங்களைப் பற்றி மற்றொன்று எச்சரிக்கிறது. இந்த மூன்றையும் படிக்கும் வாசகருக்குத் தேவைப்படும் அடிப்படை ஒன்றுதான். இரண்டு அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன? அவற்றைப் பிரிக்க என்ன விலை கொடுக்க வேண்டும்?

பள்ளியில் நமக்குச் சொல்லப்பட்ட விடை சுருக்கமானது. ஒவ்வொரு அணுவும் தன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் வேண்டும் என்று விரும்புகிறது; கிடைக்காதபோது பக்கத்து அணுவோடு பகிர்ந்துகொள்கிறது. இந்த எட்டின் விதியை எண்ம விதி என்றும், பகிர்வால் உண்டாகும் பிணைப்பைச் சகப்பிணைப்பு என்றும் சொல்வார்கள். தேர்வில் எழுத இது போதும். ஆனால் அணுவுக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது. எட்டு என்ற எண்ணுக்குத் தனி மந்திர சக்தியும் இல்லை. பகிர்வு என்ற சொல்லுக்குப் பின்னால் மின்விசையும் ஆற்றலும் இருக்கின்றன. அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் மேற்சொன்ன செய்திகளை நாமே எடைபோட முடியும்.

அணுவுக்குள் நடக்கும் இழுபறி

அணுவின் நடுவில் நேர்மின்னூட்டம் கொண்ட அணுக்கரு இருக்கிறது. அதில் புரோட்டான்களும், ஹைட்ரஜனின் மிகப் பொதுவான வகையைத் தவிர மற்றவற்றில் நியூட்ரான்களும் உள்ளன. அதைச் சூழ்ந்து எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள். எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் 1897இல் அடையாளம் கண்டார். அணுக்கருவை எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு 1911இல் முன்வைத்தார். அணுவின் எடை முழுவதும் ஏறத்தாழ அணுக்கருவில்தான் இருக்கிறது. அதன் பருமனோ எலக்ட்ரான்களால் அமைந்தது.

எலக்ட்ரான் சூரியனைச் சுற்றும் கோள் போல ஒரு பாதையில் ஓடுவதில்லை. அது எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே சொல்ல முடியும். அந்த வாய்ப்பின் பரவலை ஒரு மேகமாகக் கற்பனை செய்யலாம். இப்படிப்பட்ட ஒவ்வொரு மேக வடிவத்துக்கும் ஆர்பிட்டால் என்று பெயர். உள்கூடுகளில் உள்ள எலக்ட்ரான்கள் அணுக்கருவோடு இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கின்றன. வேதியியல் நடப்பதெல்லாம் பெரும்பாலும் வெளிக்கூட்டில்தான். அங்கே உள்ளவற்றை இணைதிறன் எலக்ட்ரான்கள் என்கிறோம். ஹைட்ரஜனுக்கு அவை 1, கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கு 5, ஆக்சிஜனுக்கு 6, ஃபுளூரினுக்கு 7. இந்த ஐந்து எண்களும் பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது

எல்லாவற்றிலும் எளிய மூலக்கூறு ஹைட்ரஜன்: இரண்டு புரோட்டான்கள், இரண்டு எலக்ட்ரான்கள், அவ்வளவுதான். அவை சேரும் விதத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. அணுக்கள் வெகு தொலைவில் இருக்கும்போது ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் புரோட்டானால் மட்டுமே ஈர்க்கப்படுகிறது. மொத்தம் இரண்டு ஈர்ப்புகள்.

2. அணுக்கள் நெருங்கியதும் ஒவ்வொரு எலக்ட்ரானையும் இரண்டு புரோட்டான்களும் இழுக்கின்றன. ஈர்ப்புகள் நான்காகின்றன. கூடவே இரண்டு விலக்கங்களும் வருகின்றன: புரோட்டானுக்கும் புரோட்டானுக்கும் இடையே ஒன்று, எலக்ட்ரானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே ஒன்று.

3. மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இரண்டு அணுக்கருக்களுக்கும் நடுவில் எலக்ட்ரான் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அங்கே இருக்கும் எலக்ட்ரான் இரு புரோட்டான்களையும் தன்பால் இழுப்பதால், அவற்றுக்கிடையே உள்ள விலக்கம் ஈடுகட்டப்படுகிறது. மொத்த ஆற்றல் இறங்குகிறது.

4. மேலும் நெருங்கினால் புரோட்டான்களின் விலக்கம் மேலோங்கி ஆற்றல் செங்குத்தாக ஏறுகிறது.

5. இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையில் ஒரு பள்ளம் உண்டாகிறது. ஹைட்ரஜனுக்கு அந்தப் பள்ளத்தின் அடி 74 பிக்கோமீட்டரில் இருக்கிறது. ஒரு பிக்கோமீட்டர் என்பது மீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இந்தத் தொலைவே பிணைப்பு நீளம்.

பள்ளத்தில் விழுந்த இரண்டு அணுக்களைத் திரும்பத் தனித்தனியாக்கத் தேவைப்படும் ஆற்றல்தான் பிணைப்பு ஆற்றல். ஹைட்ரஜனுக்கு அது ஒரு மோலுக்கு 436 கிலோ ஜூல். மோல் என்பது மூலக்கூறுகளை எண்ண வேதியியலாளர்கள் பயன்படுத்தும் ஒரு நிலையான பெரும் எண்ணிக்கை. ஒரு மோல் ஹைட்ரஜன் வாயு வெறும் 2 கிராம் எடைதான். அந்த 2 கிராமில் உள்ள பிணைப்புகள் அனைத்தையும் உடைக்கத் தேவைப்படும் ஆற்றலைக் கொண்டு சுமார் 1.3 கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இன்னொரு பக்கம், அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப அசைவு ஒரு மோலுக்கு ஏறத்தாழ 2.5 கிலோ ஜூல் என்ற அளவிலேயே இருக்கிறது. 436க்கு முன்னால் 2.5. நம்மைச் சுற்றியுள்ள பொருள்கள் தாமாகச் சிதறிப் போகாமல் இருப்பதற்கு இந்த இடைவெளியே காரணம்.

இந்த ஆற்றல் இறக்கத்தைக் குவாண்டம் இயக்கவியல் கொண்டு முதலில் கணக்கிட்டுக் காட்டியவர்கள் வால்டர் ஹைட்லர், ஃபிரிட்ஸ் லண்டன் என்ற இருவர், ஆண்டு 1927. அவர்களுடைய கணக்கு உண்மையான பிணைப்பு ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டியது. ஆனாலும் வேதிப்பிணைப்பு என்ற ஒன்று இயற்பியலின் விதிகளிலிருந்தே கிடைக்கிறது, அதற்கென்று தனியாக ஒரு 'வேதி விசை' தேவையில்லை என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது. அறிவியல் வரலாற்றில் இது மிகப் பெரிய தருணம் என்றே நான் கருதுகிறேன்.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். 'எலக்ட்ரான் நடுவில் நின்று இருபுறமும் இழுக்கிறது' என்ற விளக்கம் முழுமையானதல்ல. ஒரே அணுவில் அடைபட்டிருந்த எலக்ட்ரானுக்கு இரண்டு அணுக்களின் பரப்பும் உலவக் கிடைக்கிறது. இடம் விரிந்தால் எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் குறையும் என்பது குவாண்டம் விதி. பிணைப்பின் தொடக்கத்தில் இந்த விளைவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஹான்ஸ் ஹெல்மன் 1933லேயே வாதிட்டார். பின்னர் கிளாவுஸ் ரூடன்பெர்க் அதை விரிவாக வளர்த்தெடுத்தார். எந்த விளைவு முதன்மையானது என்ற விவாதம் வேதியியலாளர்களிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. மொத்த ஆற்றல் இறங்குகிறது என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை.

ஏன் எப்போதும் இரண்டிரண்டாக?

பகிர்வு என்றால் ஓர் இணை எலக்ட்ரான்கள் என்று படித்திருக்கிறோம். ஆனால் ஒற்றை எலக்ட்ரானும் பிணைப்பை உண்டாக்கும். ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கினால், இரண்டு புரோட்டான்களும் ஒரே ஓர் எலக்ட்ரானும் கொண்ட அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள், கிடைக்கிறது. அது உதிர்ந்து விடுவதில்லை. அதன் பிணைப்பு நீளம் 106 பிக்கோமீட்டர், பிணைப்பு ஆற்றல் மோலுக்குச் சுமார் 256 கிலோ ஜூல். முழு மூலக்கூறின் பிணைப்பில் பாதிக்கும் மேல்.

அப்படியானால் 'இரண்டு' எங்கிருந்து வருகிறது? 1925இல் வோல்ஃப்காங் பவுலி சொன்ன விலக்கல் தத்துவத்திலிருந்து. ஓர் ஆர்பிட்டாலில் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான்களுக்கே இடம். அந்த இரண்டின் தற்சுழற்சிகளும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். இரண்டு அணுக்களின் ஆர்பிட்டால்கள் கலக்கும்போது இரண்டு புதிய மூலக்கூறு ஆர்பிட்டால்கள் பிறக்கின்றன. ஒன்று ஆற்றல் குறைந்தது. அதில் நுழையும் எலக்ட்ரான் பிணைப்பை வலுப்படுத்தும். மற்றொன்று ஆற்றல் மிகுந்தது. அதில் நுழையும் எலக்ட்ரான் பிணைப்பைக் குலைக்கும். ஹைட்ரஜனின் இரண்டு எலக்ட்ரான்களும் கீழ் ஆர்பிட்டாலிலேயே அடங்கிவிடுகின்றன.

ஹீலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஹீலியம் அணுக்களுக்கு மொத்தம் நான்கு எலக்ட்ரான்கள். இரண்டு கீழே போனதும் மீதி இரண்டும் மேலே போயாக வேண்டும். கீழே கிடைத்த இலாபத்தை மேலே உள்ள நட்டம் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் ஹீலியம் வாயு தனி அணுக்களாகவே திரிகிறது. 'அதன் கூடு நிரம்பிவிட்டது, அதனால் திருப்தியாக இருக்கிறது' என்று சொல்வதைவிட இது எவ்வளவு தெளிவான விடை!

லூயிஸின் புள்ளிகள்: எண்ம விதி எதுவரை செல்லும்?

குவாண்டம் இயக்கவியல் பிறப்பதற்கு முன்பே, 1916இல், அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் பகிரப்பட்ட எலக்ட்ரான் இணையே பிணைப்பு என்று எழுதினார். எட்டு எலக்ட்ரான்களை ஒரு கனசதுரத்தின் எட்டு முனைகளில் வைத்து அவர் சிந்தித்தார். கனசதுரம் கைவிடப்பட்டது, அணுவின் குறியீட்டைச் சுற்றிப் புள்ளிகள் வைக்கும் முறை நிலைத்தது. சகப்பிணைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1919இல் இர்விங் லாங்மியூர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லூயிஸுக்கு நோபல் பரிசு கடைசிவரை கிடைக்கவில்லை. உலகெங்கும் வேதியியல் மாணவர்கள் இன்றும் அவருடைய புள்ளிகளைத்தான் வரைகிறார்கள்.

புள்ளி முறையின் பயன் எளிமையில் இருக்கிறது. எட்டிலிருந்து இணைதிறன் எலக்ட்ரான்களைக் கழித்தால் பிணைப்புகளின் எண்ணிக்கை வருகிறது. கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கு 3, ஆக்சிஜனுக்கு 2, ஃபுளூரினுக்கு 1. ஹைட்ரஜனுக்கு எட்டுக்குப் பதில் இரண்டு, ஆகவே ஒரே பிணைப்பு. மீத்தேனில் ஒரு கார்பனோடு நான்கு ஹைட்ரஜன்களும், அம்மோனியாவில் ஒரு நைட்ரஜனோடு மூன்றும், தண்ணீரில் ஓர் ஆக்சிஜனோடு இரண்டும் இருப்பது இந்தக் கழித்தலிலேயே வந்துவிடுகிறது. பகிரப்படாமல் மிஞ்சும் இணைகள் தனித்த எலக்ட்ரான் இணைகள்: நைட்ரஜனில் ஒன்று, ஆக்சிஜனில் இரண்டு. சில வேளைகளில் பகிரப்படும் இரண்டு எலக்ட்ரான்களையும் ஓர் அணுவே தருகிறது. அதை ஈதல் சகப்பிணைப்பு என்கிறோம். அம்மோனியாவின் தனித்த இணையில் ஒரு ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டினால் அம்மோனியம் அயனி உருவாகிறது. உருவான பிறகு நான்கு பிணைப்புகளில் எது 'கொடுக்கப்பட்டது' என்று கண்டுபிடிக்கவே முடியாது. நான்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

எண்ம விதி இயற்கையின் சட்டமாக இருந்தால் மீறல்கள் இருக்கக் கூடாது. ஆனால் இருக்கின்றன.

1. போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே உள்ளன. அப்படியே நிலைத்திருக்கிறது.

2. நைட்ரிக் ஆக்சைடில் மொத்த இணைதிறன் எலக்ட்ரான்கள் 11. ஒற்றைப்படை எண்ணை இணைகளாகப் பிரிக்கவே இயலாது. அந்த மூலக்கூறு நம் இரத்த நாளங்களை விரியச் செய்யும் தூதாக உடலுக்குள் வேலை செய்கிறது.

3. சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடில் கந்தகம் ஆறு ஃபுளூரின்களைப் பிடித்திருக்கிறது. மிக மந்தமான வாயு அது.

4. எட்டு நிரம்பியதால் எதனோடும் சேராது என்று கருதப்பட்ட செனானை 1962இல் நீல் பார்ட்லெட் வினைபுரியச் செய்தார். பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடோடு சேர்ந்து செனான் ஒரு திடப்பொருளைத் தந்தது. அதுவரை 'மந்த வாயுக்கள்' என்ற பெயர் பரவலாக ஏற்கப்பட்டிருந்தது.

5. ஆக்சிஜன். புள்ளிகளை வரைந்தால் அழகான இரட்டைப் பிணைப்பு வருகிறது. எல்லா எலக்ட்ரான்களும் இணைகளாக அடங்குகின்றன. ஆனால் திரவ ஆக்சிஜனை வலிமையான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது கீழே விழாமல் அங்கேயே தொங்கி நிற்கிறது. இணையாகாத எலக்ட்ரான்கள் இருந்தால்தான் இது நடக்கும். ஆக்சிஜனில் அப்படி இரண்டு எலக்ட்ரான்கள் உள்ளன என்பதை 1929இல் லெனார்ட்-ஜோன்ஸ் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையைக் கொண்டு விளக்கினார்.

இவற்றில் ஐந்தாவதுதான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. நாம் ஒவ்வொரு நொடியும் சுவாசிக்கும் மூலக்கூறையே பாடப்புத்தகப் புள்ளிகளால் சரியாகக் காட்ட முடியவில்லை. அதற்காகப் புள்ளிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் ஆகியவற்றின் பெரும்பாலான சேர்மங்களுக்கு அவை நம்பகமான கணக்கேடு. ஏட்டில் எண்கள் பொருந்துகின்றன என்பதற்காக, பிணைப்புக்கு அந்த எண்களே காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்று, இரண்டு, மூன்று

இரண்டு அணுக்கள் ஓர் இணைக்கு மேலும் பகிரலாம். ஓர் இணை என்றால் ஒற்றைப் பிணைப்பு, இரண்டு என்றால் இரட்டைப் பிணைப்பு, மூன்று என்றால் முப்பிணைப்பு. கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே இவற்றின் நீளங்கள் முறையே 154, 134, 120 பிக்கோமீட்டர். சராசரி ஆற்றல்கள் ஏறத்தாழ 347, 614, 839 கிலோ ஜூல். இணைகள் கூடக்கூடப் பிணைப்பு குறுகுகிறது, வலுக்கிறது. ஆனால் 614 என்பது 347இன் இரு மடங்கு அல்ல. முதல் இணை இரு அணுக்கருக்களையும் சேர்க்கும் நேர்கோட்டின் மீதே குவிகிறது. இதைச் சிக்மா பிணைப்பு என்பார்கள். அடுத்த இணை அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் பக்கவாட்டில் படிகிறது. இது பை பிணைப்பு. பக்கவாட்டுப் படிவு அவ்வளவு ஆழமாக இராது. எனவே கார்பனில் இரண்டாவது இணை முதலாவதைவிட நலிந்தது. இரட்டைப் பிணைப்பு உள்ள கார்பன் சேர்மங்கள் பிற மூலக்கூறுகளோடு எளிதில் சேர்வதும், சின்னஞ்சிறு மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு பாலிஎத்திலீன் போன்ற நீண்ட சங்கிலியாவதும் இதனால்தான்.

நைட்ரஜனில் கதை தலைகீழ். நைட்ரஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான ஒற்றைப் பிணைப்பு ஏறத்தாழ 160 கிலோ ஜூல் மட்டுமே. அருகருகே அமைந்த தனித்த இணைகள் ஒன்றையொன்று விலக்குவது அதை நலியச் செய்கிறது. முப்பிணைப்போ 945 கிலோ ஜூல்: மும்மடங்கு அல்ல, ஏறத்தாழ ஆறு மடங்கு. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து இரண்டு பெரிய விளைவுகள் கிளைக்கின்றன.

முதலாவது உணவு சார்ந்தது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பெரும்பாலான தாவரங்களால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது, முப்பிணைப்பு வழிவிடுவதில்லை. ஃபிரிட்ஸ் ஹேபரும் கார்ல் பாஷும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையில் இரும்பு வினையூக்கி, 400 முதல் 500 டிகிரி வெப்பம், காற்றழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு அந்தப் பிணைப்பைப் பணிய வைக்கிறார்கள். செயற்கை நைட்ரஜன் உரங்களின் அடித்தளம் அதுவே. சில பாக்டீரியாக்கள் அதே வேலையைச் சாதாரண வெப்பநிலையிலேயே ஒரு நொதியைக் கொண்டு செய்துவிடுகின்றன என்பது வியந்து நிற்க வேண்டிய செய்தி.

இரண்டாவது வெடிபொருள் சார்ந்தது. நைட்ரோகிளிசரின் போன்றவற்றில் நைட்ரஜன் அணுக்கள் ஒப்பளவில் நலிந்த பிணைப்புகளில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஓர் அதிர்ச்சி அவற்றை அவிழ்த்துவிட்டால் அவை இணை சேர்ந்து நைட்ரஜன் வாயுவாகின்றன. கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்கின்றன. வெடிப்பின் ஆற்றல் வருவது இந்த வலிய புதிய பிணைப்புகள் உருவாகும்போதுதான்.

பிணைப்பில் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறதா?

மிகப் பரவலான தவறு இந்த இடத்தில்தான் நிகழ்கிறது. 'பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிப்படும்' என்று உயிரியல் பாடங்களிலும் செய்திகளிலும் அடிக்கடி எழுதுகிறார்கள். உண்மை இதற்கு நேர் எதிரானது. பள்ளத்தில் கிடக்கும் கல்லை மேலே தூக்க உழைக்க வேண்டும். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும்.

ஹைட்ரஜன் எரிவதை வைத்துக் கணக்கிடலாம். இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு மோல் நீராவியாகின்றன.

1. உடைக்க வேண்டியவை: ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்புகள் இரண்டு மோல், 2 × 436 = 872 கிலோ ஜூல். ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பு ஒரு மோல், 498 கிலோ ஜூல். மொத்தச் செலவு 1370.

2. உருவாகுபவை: ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே நான்கு மோல் பிணைப்புகள், 4 × 463 = 1852 கிலோ ஜூல். இது வரவு.

3. வரவில் செலவைக் கழித்தால் 482 கிலோ ஜூல் மிஞ்சுகிறது. சுடராக நாம் காண்பது இந்த மிச்சத்தைத்தான்.

இப்போது தண்ணீரில் ஓடும் வண்டிக்கு வருவோம். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலை. அதைத் திரும்ப ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, நீராவியாக இருந்தாலும் அதே 482 கிலோ ஜூலைக் கொடுத்தாக வேண்டும். திரவ நீராக இருந்தால் இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பிரித்ததை மீண்டும் எரித்தால் கொடுத்தது அதிகபட்சமாகத் திரும்பிக் கிடைக்கலாம், அதற்கு மேல் ஒரு ஜூல்கூட வராது. நடைமுறையில் ஒவ்வொரு படியிலும் வெப்பமாக இழப்பும் உண்டு. வினையூக்கி சேர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வினையூக்கி பாதையை எளிதாக்குமே தவிர, தொடக்கத்தின் உயரத்தையோ முடிவின் உயரத்தையோ மாற்றாது. ஹைட்ரஜன் எரிபொருள் பற்றிய செய்திகளில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவே: அந்த ஹைட்ரஜனை எந்த ஆற்றலைச் செலவிட்டுப் பெற்றார்கள்? சூரிய ஒளியிலிருந்தா, நிலக்கரியிலிருந்தா, இயற்கை வாயுவிலிருந்தா?

மேலே உள்ள எண்களில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்புக்கு 498. கார்பன் டைஆக்சைடில் உள்ள கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 799. இரட்டைப் பிணைப்புகளின் வரிசையில் ஆக்சிஜனுடையது நலிந்த ஒன்று. விறகு, பெட்ரோல், சர்க்கரை எது எரிந்தாலும் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பங்கு, இந்த நலிந்த பிணைப்பைக் கொடுத்துவிட்டு வலிய பிணைப்புகளைப் பெறுவதால் வருகிறது. 'எரிபொருளில் ஆற்றல் இருக்கிறது' என்று பேசிப் பழகிவிட்டோம். ஆக்சிஜனையும் அந்த வாக்கியத்தில் சேர்த்துக்கொண்டால்தான் அது சரியாகும்.

சமமில்லாத பகிர்வு

இரண்டு அணுக்களும் ஒரே வகையாக இருந்தால் எலக்ட்ரான் மேகம் நடுவில் சமமாக அமைகிறது. வேறு வேறாக இருந்தால் ஒன்று அதிகமாக இழுக்கும். இந்த இழுக்கும் திறனை எலக்ட்ரான் கவர்தன்மை என்கிறோம். அதற்கு லைனஸ் பாலிங் 1932இல் ஓர் அளவுகோலை வகுத்தார். இன்று பயன்படும் மதிப்புகளில் ஃபுளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93.

வேறுபாடு சிறிதாக இருந்தால், கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் போல, பகிர்வு ஏறக்குறைய சமம். ஹைட்ரஜன் குளோரைடில் மேகம் குளோரின் பக்கம் சாய்கிறது. ஹைட்ரஜன் முனையில் ஒரு முழு மின்னூட்டத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் அளவுக்கு நேர்மின் தன்மை தங்குகிறது. இதுவே முனைவுற்ற சகப்பிணைப்பு. சோடியமும் குளோரினும் சேரும்போது சாய்வு மிகப் பெரிது. எலக்ட்ரான் கிட்டத்தட்ட முழுமையாகக் கைமாறி அயனிப் பிணைப்பாகிறது. சகப்பிணைப்பையும் அயனிப் பிணைப்பையும் இரண்டு பெட்டிகளில் அடைத்துப் படிக்கிறோம். இயற்கையில் அது ஒரே சரிவு. கோடு போடுவது நாம்.

தண்ணீரில் இந்தச் சாய்வோடு வடிவமும் சேர்ந்துகொள்கிறது. ஆக்சிஜனைச் சுற்றி நான்கு எலக்ட்ரான் இணைகள், ஒன்றையொன்று விலக்கி நான்முகியின் முனைகளை நோக்கி அமைகின்றன. மீத்தேனில் நான்கும் பிணைப்பு இணைகள் என்பதால் கோணம் 109.5 டிகிரி. தண்ணீரில் இரண்டு இணைகள் தனித்தவை. அவை கூடுதல் இடம் பிடித்து மற்ற இரண்டையும் நெருக்க, கோணம் 104.5 டிகிரியாகச் சுருங்குகிறது. மூலக்கூறு வளைந்திருப்பதால் ஒரு பக்கம் நேர்மின் சாயலும் மறுபக்கம் எதிர்மின் சாயலும் நிலைக்கின்றன. கார்பன் டைஆக்சைடு நேர்கோடாக இருப்பதால் அதன் இரு சாய்வுகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

வளைந்த தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றின் ஹைட்ரஜனை மற்றொன்றின் ஆக்சிஜனிடம் நீட்டிக் கைகோத்துக்கொள்வதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. அதன் வலிமை ஏறத்தாழ 20 கிலோ ஜூல். மூலக்கூறுக்குள் இருக்கும் 463இல் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது அறுபடுவது இந்த நலிந்த கைகோப்புதான். ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சகப்பிணைப்பு அப்படியே இருக்கிறது, ஆவியும் தண்ணீரே. ஆனால் இந்தச் சிறிய விசை இல்லையென்றால், தண்ணீரைவிடக் கனமான ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 60 டிகிரியில் கொதிப்பதைப் போல, தண்ணீரும் பூமியில் வாயுவாகவே இருந்திருக்கும்.

இரண்டு அணுக்களுக்குள் அடங்காத பகிர்வு

பென்சீனில் ஆறு கார்பன்கள் வளையமாக இருக்கின்றன. புள்ளி முறைப்படி ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வர வேண்டும். பிணைப்பு நீளங்களும் 154, 134 என்று மாறி மாறி இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் ஆறும் 139 பிக்கோமீட்டர் என்ற ஒரே நீளம். பென்சீனின் வழிச்சேர்மம் ஒன்றின் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, வளையம் தட்டையானது என்று 1929இல் கேத்லீன் லான்ஸ்டேல் காட்டினார். ஆறு எலக்ட்ரான்கள் எந்த இரு அணுக்களுக்கும் சொந்தமாகாமல் வளையம் முழுவதும் பரவியிருக்கின்றன. கிராஃபைட்டின் அடுக்குகளில் இதே பரவல் எல்லையின்றி நீள்கிறது. அதனால் அது மின்சாரத்தைக் கடத்துகிறது. வைரத்தில் ஒவ்வோர் எலக்ட்ரான் இணையும் தன் இரு அணுக்களுக்கிடையே கட்டுண்டிருப்பதால் அது கடத்துவதில்லை. இரண்டும் கார்பன்தான்.

அழியாத சேர்மங்கள் ஏன் அழிவதில்லை?

ஃபுளூரின் வாயு மிக மூர்க்கமானது. ஃபுளூரினுக்கும் ஃபுளூரினுக்கும் இடையே உள்ள பிணைப்பு 159 கிலோ ஜூல்தான். எளிதில் உடைந்து எதையும் தாக்கும். அதே ஃபுளூரின் கார்பனோடு சேர்ந்தால் பிணைப்பு ஆற்றல் ஏறத்தாழ 485 கிலோ ஜூல். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் 413ஐவிட அதிகம். கார்பன் அமைக்கும் ஒற்றைப் பிணைப்புகளில் மிக வலியவற்றுள் ஒன்று. சாய்வான பகிர்வே இந்த வலிமைக்குக் காரணம்: ஃபுளூரின் எதிர்மின் சாயலும் கார்பன் நேர்மின் சாயலும் பெறுவதால், பகிர்வோடு மின் ஈர்ப்பும் சேர்ந்து இறுக்குகிறது.

1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லான் இந்த வகையைச் சேர்ந்தது. எண்ணெயும் நீரும் ஒட்டாத பூச்சுகளிலும் தீயணைப்பு நுரைகளிலும் பயன்பட்ட ஃபுளூரினேற்றப்பட்ட சேர்மங்கள் பல இன்று குடிநீரிலும் மனித இரத்தத்திலும் காணப்படுகின்றன. அவற்றில் கார்பன் சங்கிலியைச் சுற்றி ஃபுளூரின் அணுக்கள் கவசம்போல நெருங்கி நிற்கின்றன. நொதியோ சூரிய ஒளியோ உள்ளே புகுந்து தாக்க வாய்ப்பு குறைவு. ஃபுளூரின் கொண்ட கரிமச் சேர்மங்கள் இயற்கையில் மிக அரிது என்பதால், அவற்றைச் சிதைக்கும் திறனும் நுண்ணுயிர்களிடம் பரவலாக வளரவில்லை. பிணைப்பின் வலிமை, கவசம், பழக்கமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இவற்றுக்கு 'என்றும் அழியா வேதிப்பொருள்கள்' என்ற பெயரைத் தந்திருக்கின்றன.

இந்தப் பெயர் மிகையானது என்றாலும் கவலை மிகையானதல்ல. 485 கிலோ ஜூல் என்பது கொடுக்க முடியாத விலையல்ல. மிக உயர்ந்த வெப்பத்தில் எரித்து இவற்றைச் சிதைக்க முடிகிறது, தாழ்ந்த வெப்பத்தில் சிதைக்கும் வழிகளும் ஆய்வகங்களில் தேடப்படுகின்றன. ஆனால் கார்பனை விட்டு விலகும் ஃபுளூரினுக்கு வேறொரு வலிய துணை கிடைத்தாக வேண்டும். ஹைட்ரஜனோடு சேர்ந்தால் 567 கிலோ ஜூல் பிணைப்போடு ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஆகும். அது அரிக்கும் நச்சு. கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் அரிதாகவே கரையும் கால்சியம் ஃபுளூரைடு என்ற திடப்பொருள் ஆகும். அது பூமியில் இயல்பாகக் கிடைக்கும் கனிமம். எனவே இந்த மாசை ஒழித்துவிட்டதாக ஓர் ஆலையோ ஆய்வுக்குழுவோ அறிவிக்கும்போது, சேர்மம் மறைந்தது என்ற அளவீடு மட்டும் போதாது. உள்ளே போன ஃபுளூரின் அணுக்கள் எத்தனை, அவற்றில் எத்தனை ஃபுளூரைடாக வெளியே எண்ணப்பட்டன என்ற இரண்டு எண்களும் அறிக்கையில் இருக்க வேண்டும்.